ஒன்றரை லட்சத்துக்கு இப்போதே கையெழுத்துப் போடாதீர்கள்

நண்பரே, கார் மோதி முறிந்த காலுக்குள் எலும்பைச் சேர்க்க வைத்த உலோக பிளேட் இருக்கும்போதே, ஒன்றரை லட்சம் தருகிறோம், சமரசமாக முடித்துக்கொள்ளலாம் என்று காப்பீட்டு நிறுவனத்தார் சொல்கிறார்கள் என்றால், அவசரம் அவர்களுக்குத்தான். பிளேட்டை எடுக்கும் செலவு அதில் இல்லை, கவனித்தீர்களா? மருத்துவக் குழு ஊனத்தின் சதவீதத்தைச் சொல்லட்டும்.

வயது 38, மாதச் சம்பளம் 20,000 என்கிறீர்கள். சம்பாதிக்கும் திறனில் 10 சதவீதம் போனதாக வைத்தாலே ஆண்டுக்கு 24,000. இந்த ஆண்டு இழப்பைப் பெருக்க, உங்கள் வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த எண் 15. ஆக 3,60,000. மருத்துவச் செலவும் வலிக்கான இழப்பீடும் தனி. என் தம்பி இந்தக் கணக்கைத் தாளில் எழுதி நீட்டிய பிறகுதான் காப்பீட்டு நிறுவன அதிகாரி கால்குலேட்டரையே எடுத்தார்.

சமரசமாக வழக்கை முடிக்கும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனுவை மட்டும் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். பேரத்தை அதன்பிறகும் தொடரலாம்.