அபெரோலுக்கு மதுவில்லாத மாற்று

ஆரஞ்சு ஜூஸில் சோடா கலந்தால் ஸ்குவாஷ் மாதிரிதான் இருக்கிறது, அபெரோல் ஸ்பிரிட்ஸின் (அபெரோல் என்ற இத்தாலியக் கசப்பு ஆரஞ்சு மதுவில் ஸ்பார்க்லிங் வைனும் சோடாவும் கலந்த பானம்) கசப்பு வரவே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். வராதுதான். அந்தக் கசப்பு சாற்றில் இல்லை. ஆரஞ்சுத் தோல், ஜென்ஷியன் என்ற கசப்பு மூலிகையின் வேர், சின்கோனா மரத்தின் பட்டை இவற்றிலிருந்து வருவது.

கடையில் வாங்குவதென்றால் இத்தாலியின் கிரோடினோ, சான்பிட்டர் இரண்டும் 1960களிலிருந்தே மதுவில்லாமல் வருபவை. என் நாக்குக்கு கிரோடினோதான் அபெரோலுக்கு நெருக்கம். சிவப்பு சான்பிட்டர் காம்பாரி (அபெரோலைவிடக் கசப்பான சிவப்பு இத்தாலிய மது) பக்கம். இரண்டிலும் ஏற்கெனவே சோடா இருக்கிறது, மேலும் ஊற்றி நீர்க்க வைக்காதீர்கள்.

கிடைக்காவிட்டால் டானிக் வாட்டர் போதும். அதிலுள்ள குயினைன் அதே சின்கோனா பட்டையின் கசப்புதான். ஆரஞ்சுத் தோலை உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைப் பகுதியோடு சீவி, சர்க்கரைப் பாகில் 10 நிமிடம் சிறு தீயில் வைத்து வடிகட்டுங்கள். நமக்கு வேண்டிய கசப்பு அந்த வெள்ளையில்தான் இருக்கிறது, சுரண்டி எறிந்துவிடாதீர்கள். ஒரு கிளாஸ் டானிக்குக்கு இரண்டு டீஸ்பூன் பாகு, சில சொட்டு எலுமிச்சை, நிறைய ஐஸ். டானிக்கிலேயே சர்க்கரை உண்டு, பாகைப் பார்த்து ஊற்றுங்கள்.

அப்புறம், கசப்புக்கு அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்பு மூலிகைச் சாற்றைச் சில சொட்டு ஊற்றச் சொல்வார்கள். அதில் ஏறக்குறைய 45 சதவீதம் ஆல்கஹால். மது துளிகூட வேண்டாம் என்றால் அது சரிப்படாது.