மருத்துவம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவர் கரைவலைத் தொழிலாளி. நான்கு நாட்களுக்கு முன் முருகைக்கல் அவருடைய உள்ளங்காலை வெட்டிவிட்டது. மாமி உடனே கோப்பித்தூளை அப்பினார். உப்புத் தண்ணீர் பட்டால் ஆறிவிடும் என்று அவரும் மறுநாளே கடலில் இறங்கினார். இப்போது காயத்தைச் சுற்றிச் சிவந்து, தொட்டால் சுடுகிறது. அவருக்கு நீரிழிவும் உண்டு. என்ன செய்யலாம்?
- வாசகி, நிலாவெளி

பதில்: இந்தப் பதில் அச்சாகும் முன்பே அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றிருப்பீர்கள் என நம்புகிறேன், இல்லையெனில் இன்றே செல்லுங்கள். நீரிழிவுக்காரரின் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம் என்பதால், வலி இல்லை என்று அவர் சொல்வதை நம்பியிருக்க முடியாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ இனக் கிருமிகளுள் சில, நீரிழிவோ ஈரல் நோயோ உள்ளவர்களின் காயத்துக்குள் புகுந்தால் சில மணி நேரத்திலேயே விரைந்து பரவக்கூடும்.

கோப்பித்தூள் இரத்தத்தை உறிஞ்சிக் கட்டியாவதால் காயம் மூடிவிட்டதுபோல் தோன்றும். அந்தக் கறுத்த பொருக்கை ஊறவைத்துக் கழுவி எடுத்தால், அடியில் முருகைக்கல்லின் வெண்மணிகள் அப்படியே பதிந்திருப்பதைக் காணலாம். மாமியின் அக்கறையைக் குறை சொல்லவில்லை. அடுத்த முறை தூளுக்குப் பதிலாகச் சுத்தமான துணியை வைத்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் 10 நிமிடங்கள் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இரத்தம் நின்றதும் ஓடும் குழாய்த் தண்ணீரில் சில நிமிடங்கள் கழுவி, சுற்றியுள்ள தோலைச் சவர்க்காரத்தால் சுத்தம் செய்ய வேண்டும். ஸ்பிரிட்டைக் காயத்தினுள் ஊற்றினால் புதிதாக வளரும் திசுவும் சேர்ந்து அழியும். மணலும் அழுக்கும் பட்ட காயமாதலால், கடைசி ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் இன்னொன்று தேவைப்படும். சுத்தமான சிறு காயமானால் 10 ஆண்டுகள்வரை பொறுக்கலாம்.

கேள்வி: சைக்கிளில் விழுந்த மகனின் முழங்கால் சிராய்ப்பைக் காற்றுப்பட விடலாமா?
- வாசகர், கிண்ணியா

பதில்: வேண்டாம். ஈரப்பதத்துடன் மூடிவைத்த காயத்தில் புதுத் தோல் விரைவாகப் படர்கிறது என்பதை 1962இல் ஜோர்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வு காட்டியது. நன்றாகக் கழுவி, மெல்லிதாக வசலின் பூசி, ஒட்டாத துணியால் மூடிக் கட்டுங்கள். தினமும் மாற்றுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள்.