கிளட்ச்சும் டீசல் எஞ்சினும் நீண்ட நாள் உழைக்க

கேள்வி: சேறும் பாறையும் நிறைந்த பாதைகளில் ஓட்டுவதால், எனது நான்கு சக்கர இயக்க டீசல் வாகனத்தில் கிளட்ச் விரைவில் தேய்ந்துவிடுகிறது. கிளட்ச்சும் எஞ்சினும் நீடித்து உழைக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: பெடலைப் பாதி மிதித்தபடி சரிவில் வண்டியை நிறுத்தி வைப்பதும், சக்கரம் சிக்கிய இடத்தில் எஞ்சினை முடுக்கிக்கொண்டு கிளட்ச்சை மெல்ல மெல்ல விடுவதும்தான் கிளட்ச் பிளேட்டைச் சூடாக்கித் தேய்க்கின்றன. ஏற்றம் தொடங்கும் முன்பே லோ ரேஞ்சுக்கு (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர் நிலைக்கு) மாற்றிக்கொண்டால், டீசல் எஞ்சினுக்குக் குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் இழுவிசை வண்டியை நகர்த்திச் செல்லும். நீங்கள் பெடலிலிருந்து காலை முழுவதுமாக எடுத்துவிடலாம். இறக்கத்திலும் கிளட்ச்சை மிதிக்காமல், முதல் கியரில் எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி விடுங்கள்.

எஞ்சினுக்குப் பெரும் பகை தூசிதான். ஏர் ஃபில்டரின் விளிம்பு சரியாகப் பொருந்தாவிட்டால், நுண்மணல் உள்ளே புகுந்து சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்துவிடும். ஆயிலைக் கடும் பயன்பாட்டுக்கெனக் கையேடு குறிப்பிடும் குறைந்த இடைவெளியில் மாற்றுங்கள். ஓடையைக் கடக்கையில் எஞ்சின் நின்றுவிட்டால், தயவுசெய்து மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், அது அமுங்காது என்பதால் பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியை வெளியே இழுத்த பின், ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.