பூட்டிய வீடும் பக்கத்து வீடும்: கேள்வி பதில்

காவல்துறையின் குற்றப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆய்வாளர் ஒருவர், கோடை விடுமுறையை முன்னிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி (தாம்பரம்): ஐயா, விலை உயர்ந்த ஏழு லீவர் பூட்டு வாங்கியிருக்கிறோம். ஒரு வாரம் திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று போய்வர அது போதுமா?

பதில்: எனக்குப் பூட்டைப் பற்றிக் கவலையில்லை, அது தொங்கும் கொண்டியைப் பற்றித்தான் கவலை. பூட்டை உடைத்துத் திருட்டு என்று செய்தி வந்தாலும், நேரில் போய்ப் பார்த்தால் பல வீடுகளில் பூட்டு பூட்டியபடியே தரையில் கிடக்கும். கடப்பாரையால் நெம்பியதில் கொண்டியும் நாதாங்கியும் அரை அங்குலத் திருகாணிகளோடு மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். கொண்டியைக் கதவின் மறுபக்கம் வரை செல்லும் போல்ட்டுகளால் பொருத்தி, உட்புறம் நட்டு போட்டு இறுக்கித் தருமாறு தச்சரிடம் சொல்லுங்கள். கதவுக்குள்ளேயே பதிந்த பூட்டு இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் வெளியே தொங்கும் பூட்டு ஆளில்லை என்பதைத் தெருவுக்கே அறிவித்துவிடும். முன்வாசலுக்குத் தேக்குக் கதவும் கொல்லைப்புறத்துக்கு ஒட்டுப்பலகைக் கதவும் போடுவது நம் வழக்கம். திருடனுக்கும் அது தெரியும். மொட்டைமாடிக் கதவுக்கும் உட்புறத் தாழ்ப்பாள் வேண்டும்.

கேள்வி (மதுரை): வீட்டில் ஆளில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: பகலில் தெருவோடு நடந்து போகிறவனுக்கே தெரிந்துவிடும். பக்கத்து வாசல்களிலெல்லாம் கோலம் இருக்க உங்கள் வாசல் மட்டும் பெருக்காமல் கிடப்பது, கேட்டில் செருகிய விளம்பரத் தாள்கள் அப்படியே இருப்பது, வெளிவிளக்கு பட்டப்பகலிலும் எரிவது ஆகியவையே போதும். பாலையும் நாளிதழையும் நிறுத்திவிட்டு, வாசல் தெளித்துக் கோலமிட ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். விளக்கு மாலையில் எரிந்து காலையில் அணைய, டைமர் பொருத்துங்கள். பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு வாட்ஸ்அப்பில் போட்டால் போதும்.

கேள்வி (கோவை): காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் யாராவது வந்து பார்ப்பார்களா?

பதில்: பார்ப்பார்கள். பூட்டிய வீடுகளின் விவரத்தைக் குறித்துக்கொண்டு, இரவு ரோந்துக் காவலர் அந்தப் பக்கம் வரும்படி ஏற்பாடு செய்யும் வழக்கம் உண்டு. ஆனால் ரோந்துக் காவலர் ஓர் இரவில் உங்கள் தெருவில் நிற்பது சில நிமிடங்கள்தான். மீதி நேரம் முழுவதும் அங்கே இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். ஆகையால் தகவல் கொடுக்கும்போதே அவருடைய கைபேசி எண்ணையும் நிலையத்தில் கொடுங்கள். சந்தேகமான சத்தம் கேட்டால் வெளியே வராமல், விளக்கைப் போட்டுவிட்டு 100 அல்லது 112-ஐ அழைக்கும்படி அவரிடமும் சொல்லி வையுங்கள்.

கேள்வி (திருவள்ளூர்): ஜன்னலோரம் பீரோ இருக்கலாமா?

பதில்: கூடாது. ஜன்னல் கம்பியை வளைத்துப் பீரோவை இழுத்துத் திறக்கும் ‘பீரோ புல்லிங்’ திருட்டுக்கு அதுதான் வசதி. சாவியைப் பீரோவிலேயே விட்டு வைப்பதும் வேண்டாம்.

கேள்வி (சேலம்): கேமரா பொருத்தினால் பயம் இல்லைதானே?

பதில்: கேமரா கதவைக் காக்காது, வந்தவனைப் பிறகு அடையாளம் காண உதவும். பதிவுப் பெட்டியைத் தொலைக்காட்சிக்குக் கீழே வைத்திருந்தால், போகும்போது அதையும் கழற்றிக்கொண்டு போவார்கள். அதைக் கண்ணில் படாத இடத்தில் வைத்து, ஒரு கேமராவையாவது முகம் தெரியும் உயரத்தில் பொருத்தி, கடிகார நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (திருச்சி): எங்கள் நகரில் இளைஞர்கள் இரவுக் காவலுக்குத் தயாராக இருக்கிறார்கள். சந்தேகமானவர்களைப் பிடித்து விசாரிக்கலாமா?

பதில்: காவல் இருங்கள், விசாரணை வேண்டாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த குடும்பத்தைக் குழந்தை கடத்துபவர்கள் என்று கருதி ஊரார் அடித்ததில் மூதாட்டி ஒருவர் இறந்தார். அங்கேயும் எல்லோரும் ஊரைக் காப்பதாகத்தான் நினைத்தார்கள். தம் கண்ணெதிரே ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, பிடியாணை இல்லாமலே காவல்துறை கைது செய்யத்தக்க குற்றத்தைச் செய்பவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம் என்றும், ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு கூறுகிறது. புதிய முகம், வேற்று மொழி, அழுக்குச் சட்டை ஆகியவை குற்றமல்ல. வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்து நிலையத்துக்குச் சொல்வதே பயனுள்ள காவல். வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் பரப்பி ‘திருடன்’ என்று எழுதுவதை உங்கள் குழுவின் முதல் விதியாகவே தடை செய்யுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): திருட்டு நடந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: எதையும் தொடாமல் வெளியே வந்து அழையுங்கள். என்னென்ன போயிற்று என்று பார்க்கும் பதற்றத்தில் வீட்டாரே பீரோவைக் கிளறி, கைரேகைகளை அழித்துவிடுகிறார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. நகைகளின் படங்களையும் ரசீதுகளையும் இன்றே எடுத்து வையுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் ஹால்மார்க் நகைகளில் ஆறு இலக்கக் குறியீடு இருக்கும், அதையும் எழுதி வைத்தால் மீட்ட நகை உங்களுடையது என்று காட்டுவது எளிது. அன்றாடம் அணியாதவற்றை வங்கி லாக்கரில் வைப்பது நல்லது. ஆனால் வங்கியில் திருட்டு நடந்தால் அதன் பொறுப்பு, லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்குக்கு உட்பட்டதே என்பதையும் அறிந்து வையுங்கள்.