வலி குறைந்த பிறகும் தோள் ஏன் சொன்னபடி கேட்பதில்லை?

கேள்வி: எனக்கு வயது 44. பதினெட்டு ஆண்டுகளாக வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன் கழுத்துக்கும் வலது தோளுக்கும் நடுவே கடும் வலி வந்தது. எலும்பிலும் நரம்பிலும் கோளாறில்லை, தசைவலிதான் என்றார் மருத்துவர். இப்போது வலி முக்கால்வாசி குறைந்துவிட்டது. ஆனால் கழுத்து வளைவு வெட்டும்போது கத்தரிக்கோல் முன்புபோல் கோட்டில் போவதில்லை. தோளைத் தூக்கிக்கொண்டே தைக்கிறேன் என்று மகள் சொல்கிறாள். போதாக்குறைக்கு இடது தோளும் இழுக்கிறது. தசையின் பலமே போய்விட்டதா? மகன் சொல்வதுபோல் டம்பெல் தூக்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சகோதரிக்கு, மருத்துவர் சொன்னதையும் நீங்கள் எழுதியதையும் சேர்த்துப் பார்த்தால், பலம் போய்விட்டது என்பதைவிட, வலி இருந்த நாட்களில் உடல் செய்துகொண்ட மாற்று ஏற்பாடு இன்னும் கலையவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தசைவலியை ஆராய்கிறவர்கள் நெடுங்காலமாக ஓர் எளிய வழியைக் கையாள்கிறார்கள். 1938-இல் லண்டனில் கெல்கிரென் என்ற மருத்துவர் செய்ததுபோல, சுமார் 6 சதவீத உப்புக்கரைசலைச் சிறிதளவு தசைக்குள் செலுத்தினால், நலமாக உள்ளவருக்கும் சில நிமிடங்கள் வலி உண்டாகும். அந்த நேரத்தில் முழு மூச்சாக முயன்றாலும் அவரால் வழக்கமான விசையைக் காட்ட முடிவதில்லை. ஆனால் அதே தசையை மின்தூண்டலால் சுருங்க வைத்தால் அது பழையபடியே சுருங்குகிறது. அதாவது குறை தசையில் இல்லை, மூளையும் தண்டுவடமும் அதற்கு அனுப்பும் ஆணைதான் குறைந்திருக்கிறது. வலி அடங்கியதும் விசை திரும்பிவிடுகிறது.

வலித்தால் தசை இறுகும், இறுகினால் மேலும் வலிக்கும் என்ற விளக்கம் 1940-களிலிருந்து வழங்கி வருகிறது; இன்றும் பலர் அதையே சொல்கிறார்கள். 1991-இல் லுண்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை மறுத்து, வலிக்கும் தசை அடங்கிப்போகிறது, அதற்கு எதிர்ப்பக்கமாக இழுக்கும் தசை சற்றுக் கூடுதலாக இயங்குகிறது, அதனால் அசைவு மெதுவாகவும் சிறிதாகவும் ஆகிறது என்றார்கள். ஹாட்ஜஸ், டக்கர் என்ற ஆய்வாளர்கள் 2011-இல் முன்வைத்த விளக்கமே உங்கள் நிலைக்கு அதிகம் பொருந்துகிறது: வலி ஒரு தசையை முழுவதுமாக அடக்குவதோ இறுக்குவதோ இல்லை, வேலையை மறுபடி பங்கிட்டுவிடுகிறது. ஓர் ஆய்வில், கழுத்திலிருந்து தோளுக்கும் முதுகுக்கும் விரியும் ட்ரப்பீசியஸ் தசையின் மேல்பகுதியில் வலியை உண்டாக்கி, கையைத் திரும்பத் திரும்ப உயர்த்தச் சொன்னபோது, அந்த மேல்பகுதியின் இயக்கம் குறைந்து கீழ்ப்பகுதியின் இயக்கம் கூடியது. வலியே இல்லாத மறுதோளின் தசையும் கூடுதலாக உழைத்தது. உங்கள் இடது தோள் இழுப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கை உயர்ந்துவிடுகிறது, வேலை நடந்துவிடுகிறது. ஆனால் பழகாத பகுதிகள் சுமக்கும்போது நுணுக்கம் குறைகிறது. கத்தரிக்கோல் விலகுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

வலி போனதும் இந்த ஏற்பாடு தானாகக் கலைந்துவிடாதா? ஆய்வுக்கூடத்தின் சில நிமிட வலியில் பெரும்பாலும் கலைந்துவிடும், மாதக்கணக்கான வலியில் அப்படிச் சொல்ல முடியாது. முதன்முறை கீழ்முதுகுவலி வந்தவர்களை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட முடிவில், வலி தீர்ந்த பிறகும், தனிப்பயிற்சி பெறாதவர்களுக்கு முதுகெலும்பை ஒட்டிய மல்டிஃபிடஸ் தசை 10 வாரங்கள் கழித்தும் பழைய பருமனுக்குத் திரும்பியிருக்கவில்லை.

தோளைத் தூக்கித் தைப்பது வேறொரு வகையிலும் கெடுதல். நார்வேயில் பொதி கட்டும் வேலை செய்த பெண்களின் தோள்தசை மின்பதிவுகளைப் பார்த்தபோது, வேலைக்கு இடையே தசை ஒரு நொடிக்கும் குறைவாக ஓய்ந்து மீளும் சிறு இடைவெளிகள், பின்னர் வலி வந்தவர்களிடம் குறைவாக இருந்தன. வேலைப்பளுவைவிட, ஓயாமல் இருப்பதே அவர்களைப் பாதித்திருக்கிறது. எனவே டம்பெல் இப்போது வேண்டாம். மாறிப்போன பழக்கத்தின் மேல் எடையை ஏற்றினால் அந்தப் பழக்கமே உறுதிப்படும்.

தையல் மிஷினுக்குப் பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வையுங்கள். ஒவ்வொரு தையல் முடிந்ததும் காலை மிதியிலிருந்து எடுத்து, கைகளை மடியில் விட்டு, இரண்டு மூச்சு நேரம் தோள்கள் தாமாக இறங்குவதைக் கண்ணாடியில் பாருங்கள். நாளுக்கு இருமுறை, எடை ஏதுமின்றி, காதை நோக்கித் தோள் ஏறாமல், கையை மிக மெதுவாகத் தோள் உயரம் வரை தூக்கி இறக்குங்கள். லேசான வலி இருந்தால் பரவாயில்லை, வலி கூடினால் உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பழைய செய்தித்தாளில் சாக்பீஸால் வளைவு வரைந்து, அவசரமில்லாமல் வெட்டிப் பழகுவதும் பயிற்சிதான். கை செய்ய வேண்டிய அந்த வேலையையே கவனத்தோடு செய்வதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. வெட்டும் மேசை முழங்கை உயரத்துக்கு மேல் இருந்தால், நின்றுகொண்டு வெட்டுங்கள். மூன்று நான்கு வாரங்களில் தோள் கீழே நிற்கப் பழகிய பின், ஓர் இயன்முறை மருத்துவரைக் கலந்து, அரைக் கிலோவிலிருந்து எடையைத் தொடங்கலாம்.

விரல்கள் மரத்துப்போனாலோ, கையிலுள்ள பொருள் நழுவினாலோ, வலி கை வழியே இறங்கினாலோ, இதையெல்லாம் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். இடது தோள் இழுப்பு, படியேறும்போது நெஞ்சு இறுக்கத்தோடும் வியர்வையோடும் வருமானால் அதைத் தசைவலி என்று எண்ணிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.