பயாப்ஸி ரிசல்ட் வர்றதுக்குள்ள பொண்ணுகிட்ட சொல்லலாமா?

கேள்வி: எனக்கு வயசு 56, தேவகோட்டை. 2021ல இடது மார்புல கேன்சர் வந்து கட்டியை மட்டும் எடுத்தாக, அப்புறம் ரேடியேஷன், இப்ப வரைக்கும் லெட்ரோசோல் மாத்திரை போடுறேன். போன மாசம் தழும்புக்குப் பக்கத்துல திரும்ப ஒரு சின்னக் கட்டி கைக்குத் தட்டுப்பட்டுச்சு. மதுரையில மேமோகிராம் பார்த்துட்டு பயாப்ஸி எடுத்திருக்காக, ரிசல்ட் வர பத்து நாளாவது ஆகுமாம். வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும், அவுகளும் "ஒண்ணும் இருக்காது"ன்னு சொல்லிட்டு டிவி முன்னாடி உக்காந்துக்கிறாக. பொண்ணு சென்னையில அஞ்சு மாசம் முழுகாம இருக்கா, அவகிட்ட சொல்லலை. அடுத்த வாரம் எங்க பங்காளிகளெல்லாம் கூடி முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடுற படைப்பு வேற. ராத்திரி தூக்கமே இல்லை, முதுகு வலிச்சாக்கூட எலும்புக்குப் போயிருச்சோன்னு இருக்கு. எப்படித் தள்ளுறது இந்தப் பத்து நாளை?

பதில்: ஆச்சி, கட்டி தட்டுப்பட்டதும் படைப்பு முடியட்டும், பேறுகாலம் முடியட்டும்னு தள்ளிப்போடாம நேரா போய்க் காமிச்சிருக்கீங்க பாருங்க, செய்ய வேண்டிய பெரிய வேலை அதுதான், அதை முடிச்சிட்டீங்க. இப்ப மிச்சம் இருக்கிறது காத்திருக்கிறது மட்டும்தான், அது லேசு இல்லைன்னு எனக்குத் தெரியும். முதல் தடவை என்ன ஏதுன்னு தெரியாத பயம், இப்ப எல்லாம் தெரிஞ்ச பயம். அதனால தைரியமா இருங்க, பாசிட்டிவா நினைங்கன்னு நான் எழுத மாட்டேன். பயந்துபோய் இருக்கிறவங்ககிட்ட அப்படிச் சொன்னா பயத்தோட சேர்த்து அதை மறைக்கிற வேலையும் அவங்க தலையில விழும்.

ஏன் பத்து நாள்னு தெரிஞ்சுக்கிட்டா கொஞ்சம் ஆறுதலா இருக்கும். உங்ககிட்ட எடுத்தது நூல் துண்டு மாதிரி மெல்லிசான சதை, அதை ஃபார்மலின்ல ஊற வச்சு, மெழுகுல பதிச்சு, தலைமுடியை விட மெல்லிசா சீவி, சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்புல பார்ப்பாங்க. கேன்சர்தான்னு தெரிஞ்சா அது ஹார்மோனால வளர்ற வகையா (ஈஆர், பிஆர்), ஹெர்2ங்கிற புரதம் அதுல அதிகமா இருக்கான்னு மறுபடி டெஸ்ட் பண்ணுவாங்க, ஏன்னா 2021ல இருந்த தன்மை இப்பவும் அப்படியே இருக்கணும்னு இல்லை, அதைப் பொறுத்துத்தான் மருந்து மாறும். ஹெர்2 ரெண்டுங்கெட்டானா வந்தா ஃபிஷ்னு இன்னொரு டெஸ்ட், அதுக்குத் தனியா நாளாகும். கேன்சர் இல்லைன்னு உறுதி பண்ணவும் சில சமயம் கூடுதல் சாயம் போட்டுப் பார்ப்பாங்க, லேப்ல கூட்டமா இருந்தாலும் லேட் ஆகும். அதனால பதினோராவது நாள் போன் வரலைன்னா கெட்ட சேதின்னு முடிவு பண்ணிடாதீங்க.

ஆபரேஷனும் ரேடியேஷனும் பட்ட இடத்துல கொழுப்பு கெட்டிப்பட்டு கட்டி மாதிரி நிக்கிறது உண்டு, ஃபேட் நெக்ரோசிஸ்னு சொல்வாங்க, மேமோகிராம்ல சில நேரம் அச்சு அசல் கேன்சர் மாதிரியே தெரியும், பயாப்ஸி எடுத்துத்தான் பிரிச்சுப் பார்க்கணும். உங்களுக்கு இருக்கிறது அதுதான்னு நான் சொல்லலை, சொல்லவும் கூடாது. ஆனா ஒருவேளை திரும்ப வந்திருந்தாலும், அதே மார்புல மட்டும் வர்றது வேற, எலும்பு நுரையீரல்னு பரவுறது வேற. அதே இடத்துல மட்டும்னா டாக்டருங்க குணப்படுத்துற நோக்கத்தோடதான் வைத்தியம் பார்க்கிறாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு போன்ல தேடினா இது ரெண்டும் கலந்துகட்டித்தான் வரும், அதனால போனை வளவுலயே சார்ஜ்ல போட்டுட்டு உள்ளே போய்ப் படுங்க. முதுகு வலியைப் பத்தியும் சொல்லிடறேன், லெட்ரோசோல் போடுறவங்களுக்கு மூட்டு வலி, எலும்பு வலி சகஜம். விடாம வலிச்சா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க.

இப்ப பொண்ணு விஷயம். சொல்லிடுங்க ஆச்சி. பிள்ளைத்தாச்சிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நீங்க தவிக்கிறது புரியுது, ஆனா அம்மா குரல் மாறினா பொண்ணுக்குத் தெரியாதா, அவ இந்நேரம் என்னமோ இருக்குன்னு மோப்பம் பிடிச்சிருப்பா, கேக்கத்தான் பயந்துக்கிட்டு இருப்பா. மாப்பிள்ளை வீட்ல இருக்கிற நேரமாப் பார்த்து "ஒரு கட்டி இருக்கு, டெஸ்ட் எடுத்திருக்கு, இன்னும் ஒண்ணும் தெரியலை"ன்னு இவ்வளவுதான் சொல்லணும். அதுதானே உண்மையும். நம்ம பக்கம் இன்னமும் இதைப் பேர் சொல்லாம "அந்த நோய்"னு குரலைத் தாழ்த்திப் பேசுறோம். இத்தனைக்கும் புதுக்கோட்டையில பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கச்சியை கேன்சருக்குப் பறிகொடுத்தவங்க, வெளிப்படையா பேசி, அலைஞ்சு திரிஞ்சு 1954லயே அடையாறுல கேன்சர் இன்ஸ்டிடியூட்டை நிறுத்திக் காட்டினாங்க. பெத்த பொண்ணுகிட்டயே மறைச்சு வச்சா கட்டியை விட அந்த மறைக்கிற பாரம்தான் உங்களை ராத்திரி தூங்க விடாது, என் அபிப்பிராயம் இதுதான்.

அதுக்காக பங்காளிங்க எல்லார்கிட்டயும் சொல்லணும்னு இல்லை. படைப்புக்குப் போகணும்னு இருந்தா போங்க, முடியலைன்னா உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு வீட்ல இருங்க, சாமி கோவிச்சுக்காது. போனா எப்படியும் யாராவது ஒருத்தவுக கையைப் பிடிச்சுக்கிட்டு "ஏன் ஆச்சி இப்படி இளைச்சுட்டீக?"ன்னு கேப்பாக. "செக்கப் இருக்கு, முடிஞ்சதும் சொல்றேன்"னு சொல்லிட்டு நகர்ந்துடுங்க. அதுக்கு மேல விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

வீட்டுக்காரர் டிவி முன்னாடி உக்காந்திருக்கிறதும் பயத்துலதான், வேற ஒண்ணும் இல்லை. சும்மா உக்கார விடாம ஒரு வேலை கொடுங்க, 2021லேருந்து இருக்கிற ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கச் சொல்லுங்க, பழைய பயாப்ஸி ரிப்போர்ட் மேல இருக்கட்டும், டாக்டர் முதல்ல அதைத்தான் கேப்பாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் அதோட வைக்கச் சொல்லுங்க. நடு ராத்திரியில மனசு தாங்கலைன்னா 14416க்கு போன் போடுங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

ரிசல்ட் வாங்க தனியா போகாதீங்க. வீட்டுக்காரர் கூட வரட்டும், பொண்ணு போன்ல லைன்ல இருந்து டாக்டர் சொல்றதை எழுதிக்கட்டும், அந்த நேரத்துல பாதி நம்ம காதுல விழாது. ஒருவேளை பெட் சிடிங்கிற ஸ்கேன் எடுக்கச் சொன்னா, அதுக்குப் போடுற ஊசி மருந்துல கதிர்வீச்சு இருக்கும், அதனால அன்னைக்கு மட்டும் பிள்ளைத்தாச்சிப் பொண்ணு பக்கத்துல வர வேண்டாம், எத்தனை மணி நேரம் தள்ளி இருக்கணும்னு ஸ்கேன் சென்டர்லயே கேட்டுக்கோங்க.