ஊட்டிக்குப் போகிறீர்களா? டிகிரியை விட்டுவிட்டு மேகத்தைப் பாருங்கள்

கேள்வி: கார்த்திகை முதல் வாரம் அம்மாவையும் நாலு வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு மதுரையிலிருந்து காரில் ஊட்டிக்குப் போகிறோம். போனில் இரவு 9 டிகிரி என்று காட்டுகிறது. உறைபனி இருக்குமா? என்னென்ன எடுத்துப் போவது?

9 டிகிரி அந்த வாரத்தில் ஊட்டிக்கு வழக்கம்தான், அதற்கு உறைபனியும் விழாது. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பிப் பெட்டி கட்டாதீர்கள்.

அப்போது வடகிழக்குப் பருவமழைக் காலம். இலங்கைப் பக்கமாக ஒரு தாழ்வு நிலை வந்து நின்றால், கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று நேராகக் குன்னூர், கோத்தகிரி சரிவில் முட்டிக் கொட்டித் தீர்க்கும், மேலே ஊட்டியும் நாள் முழுக்க மப்பும் தூறலுமாகவே கிடக்கும். பகலிலேயே குளிரும், ஆனால் ராத்திரி பெரிதாக இறங்காது, ஏனென்றால் தரையிலிருந்து போகிற சூட்டை மேகம் கம்பளி மாதிரி பிடித்து வைத்துக்கொள்கிறது. நடுக்கம் எடுப்பது மழை விட்ட பிறகுதான். தாழ்வு நிலை நகர்ந்து, வறண்ட காற்று புகுந்து, வானம் பளிச்சென்று வெளுத்த அன்று மதியம் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வீர்கள், அதே ராத்திரி பல் கிட்டும்.

அப்படி ஓரிரு நாள் தெளிந்தால் உறைபனிக்கும் வாய்ப்பு உண்டு. வெப்பமானி இருப்பது தரைக்கு நாலடி மேலே, பெட்டிக்குள். புல் நுனி அதைவிட மூன்று நாலு டிகிரி குளிர்ந்து கிடக்கும். அதனால் கருவி 3 டிகிரி காட்டும்போதே ஊட்டியின் பள்ளமான இடங்களான காந்தல், தலைக்குந்தா, ரேஸ் கோர்ஸ் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெளுத்திருக்கும். குளிர்காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி ஓடும், அதனால்தான் உறைபனி மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தில் விழுகிறது. பார்க்க ஆசை என்றால் ஆறரைக்குள் எழுந்து போங்கள், வெயில் பட்டதும் போய்விடும். கார் கண்ணாடியில் படிந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

சரி, துணி. முதலில் மழைக்கோட்டு, அப்புறம்தான் கம்பளி; நனைந்த ஸ்வெட்டரால் பயனே இல்லை. தடிமனாக ஒன்றைவிட மெல்லிசாக இரண்டு நல்லது. பையனுக்குக் காதை மூடும் குல்லா, கூடுதலாக நாலு ஜோடி சாக்ஸ். அம்மாவுக்கு ஃபிளாஸ்கில் வெந்நீர். முக்கியமாக, குளிருதே என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள், அதிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இதில் மட்டும் விளையாட்டே வேண்டாம்.

பாதைதான் என் பெரிய கவலை. மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாகக் குன்னூர் ஏறும் சாலை இந்த மழையில் சரியும், 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலை ரயிலும் இந்த மாதத்தில் அடிக்கடி ரத்தாகும், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். நீலகிரிக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் ஒரு நாள் தள்ளிப் போங்கள். இல்லையென்றால் விடிகாலையில் மதுரையை விட்டு, மதியம் மூன்றுக்குள் குன்னூரைத் தாண்டிவிடுங்கள், அதற்கு மேல் மூடுபனி இறங்கினால் முன்னால் போகிற பஸ்ஸே தெரியாது.